ஒரே ஆண்டில் மூன்று முடிவு: எஃப்ஐஏ பேரவைக்கு ஒரு திறந்த மடல்

எஃப்ஐஏ (சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு) உலக மோட்டார் விளையாட்டுப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உலக ராலி சாம்பியன்ஷிப்பைப் பல வருஷமாக விடாமல் பார்த்து வரும் ரசிகன் நான். எந்த அணியோடும் எனக்குத் தொடர்பில்லை. 2027-க்கான புதிய கார் விதிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 2022 முதல் 2024 வரை நடந்த, எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களின் காலம்தான் என் மனதில் வந்து நிற்கிறது. அந்த மூன்று வருஷத்தில் புதிதாக ஒரு கார் நிறுவனம்கூட மேல்மட்ட ராலிக்குள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை நீங்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசவில்லை என்பது என் ஆதங்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹைபிரிட் எதற்காக வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2016 முடிவில் ஃபோக்ஸ்வாகன் போனது. 2019 முடிவில் சிட்ரோயன் போனது. மிஞ்சியவை டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு பெயரில் ஓடும் தனியார் அணியான எம்-ஸ்போர்ட். சாலையில் விற்கும் கார்கள் மின்சாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்க, ராலி மட்டும் பழைய எஞ்சினோடு நின்றால் எந்த நிறுவனமும் பணம் ஒதுக்காது என்று கணக்குப் போட்டீர்கள். அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. அன்று நானும் அதை நம்பினேன்.

ஆனால் செய்த விதம் வேறாக இருந்தது. காம்பாக்ட் டைனமிக்ஸ் என்ற ஒரே சப்ளையரிடமிருந்து 100 கிலோவாட் மோட்டாரும் 3.9 கிலோவாட் மணி பேட்டரியும் சேர்ந்த ஒரே மாதிரி யூனிட், சீல் வைத்து மூன்று அணிகளுக்கும் வந்தது. உள்ளே கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. டொயோட்டா 1997-லேயே ஹைபிரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம். அந்த அனுபவத்தில் ஒரு துளியையும் தன் ராலி காரின் மின் பகுதியில் அது காட்ட முடியவில்லை. செலவைக் கட்டுப்படுத்தத்தான் அப்படிச் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் "இது நாங்கள் செய்த ஹைபிரிட்" என்று சொல்லிக்கொள்ள வழியில்லாத ஒரு பொருளுக்காக நான்காவதாக ஒரு நிறுவனம் ஏன் இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டும்? செலவும் குறையவில்லை, பெருமையும் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. ஹைபிரிட் யூனிட் பாதுகாப்பாக இருக்கிறதா என்று காட்ட ஒவ்வொரு காரிலும் விளக்கு வைத்தீர்கள். பச்சை என்றால் தொடலாம், சிவப்பு என்றால் கிட்டே போகக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் சமரசம் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ராலியின் வழக்கமே வேறு. பள்ளத்தில் சரிந்த காரை, யார் எந்த அணி ரசிகர் என்று பார்க்காமல் பத்துப் பேர் சேர்ந்து தூக்கி மறுபடி பாதையில் விடுவார்கள். கார் கிளம்பும்போது எழும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சிவப்பு எரிந்தால் அதற்கு இடமில்லை. 2022 ஸ்வீடன் ராலியில் ஹூண்டாய் ஓட்டுநர் ஓட் தானாக் வெள்ளிக்கிழமையே ஹைபிரிட் கோளாறால் ஒதுங்க வேண்டி வந்தது. எஞ்சினும் சக்கரமும் ஓடத் தயாராக இருந்தாலும், யூனிட் மனது வைக்காவிட்டால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான் என்ற நிலை அணிகளுக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

அந்தக் காலத்தில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஹைபிரிட்டின் முதல் ராலியான 2022 மான்டே கார்லோவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் (நேரம் கணக்கிடும் ஓட்டப் பகுதி), முன்னிலையில் இருந்த செபாஸ்தியான் ஓஜியேவின் டயர் பஞ்சரானது. 47 வயது செபாஸ்தியான் லோப் 10.5 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அது அவருடைய 80-வது வெற்றி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாதைக் குறிப்புகளை வாசித்த இசபெல் கால்மிஷ் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியை. 1997-க்குப் பிறகு உலக ராலியில் வென்ற முதல் பெண் அவர்தான். ஜெயித்த கார் ஃபோர்டு பூமா. டொயோட்டா, ஹூண்டாய் போல ஒரு நிறுவனத்தின் முழுப் பணபலமும் பின்னால் இல்லாமல், மால்கம் வில்சன் கட்டி வளர்த்த எம்-ஸ்போர்ட் செய்த கார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் நடந்த 39 ராலிகளில் டொயோட்டா 24, ஹூண்டாய் 12, எம்-ஸ்போர்ட் 3. 2024-ல் எம்-ஸ்போர்ட்டுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2022 மான்டே கார்லோவில் ராலி1 எனப்படும் மேல்மட்டக் கார்கள் 11 கிளம்பின. 2024-ல் அதே மான்டே கார்லோவில் 8. ஓட்டுநர்கள் குறை வைக்கவில்லை. 2024 சார்தீனியாவில் தானாக் 0.2 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே ஆண்டு நிறுவனங்களுக்கான பட்டம் ஜப்பானில், கடைசி நாளில், 3 புள்ளி வித்தியாசத்தில் டொயோட்டாவிடம் போனது. இதைவிட நெருக்கமான போட்டியை யாரும் கேட்க முடியாது. அப்படியும் புதிதாக ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

இதில் எனக்கு மிகவும் வலித்தது 2024-ல் நீங்கள் நடந்துகொண்ட விதம். பிப்ரவரியில், அடுத்த ஆண்டே ஹைபிரிட்டை எடுத்துவிடுவோம் என்றீர்கள். போட்டியிடும் அணிகளே எதிர்த்தன. ஜூனில், 2026 வரை எதுவும் மாறாது என்றீர்கள். சரி, விஷயம் முடிந்தது என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். நவம்பரில், 2025 முதல் ஹைபிரிட் இல்லை என்றீர்கள். பத்து மாதத்துக்குள் மூன்று முடிவு. ஒரு ராலி காரை வரைந்து, செய்து, சோதித்து முடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தில், ராலிமேல் ஆசை உள்ள ஒரு எஞ்சினியர் திட்டம் எழுதி மேலிடத்துக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிப்ரவரியில் ஒரு கணக்கு, ஜூனில் வேறு கணக்கு, நவம்பரில் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை அவரை யார் உள்ளே விடுவார்கள்?

2025-ல் ஹைபிரிட் போனது, காரின் குறைந்தபட்ச எடை 1260 கிலோவிலிருந்து 1180 ஆனது. அப்போதும் அதே மூன்று பெயர்கள்தான். 14 ராலிகளில் 12-ஐ டொயோட்டா ஜெயித்தது. ஹைபிரிட்டை வைத்தாலும் வரவில்லை, எடுத்தாலும் வரவில்லை. அப்படியானால் அவர்கள் தயங்குவது பேட்டரியைப் பார்த்து இல்லை. உங்கள் சொல் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பார்த்துத்தான்.

ஒரு படி கீழே, ராலி2-வைப் பாருங்கள். ஸ்கோடா, சிட்ரோயன், டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்று அங்கே பல பெயர்கள். இந்த ஆண்டுகளில் மேல்மட்டத்துக்கு வராத ஸ்கோடா அங்கே ஃபேபியாவை விற்றுப் பிழைக்கிறது. விதி சட்டென்று மாறுவதில்லை, வாங்க ஆள் இருக்கிறது, அதனால் செய்கிறார்கள். 1997-ல் வேர்ல்ட் ராலி கார் விதி வந்தபோதும் இதேபோல்தான் நடந்தது. நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் உள்ள சாலைக் காரை ஆயிரக்கணக்கில் செய்து விற்க வேண்டிய சுமையை எடுத்துவிட்டதும், 1999-க்குள் ஏழு நிறுவனங்கள் ஓடின.

2027 விதிகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. ஒரு காருக்கு 345,000 யூரோ என்ற விலை உச்சவரம்பு, சுமார் 300 குதிரைத்திறன், நிறுவனமே இல்லாத தனியார் பட்டறையும் கார் செய்யலாம் என்ற அனுமதி எல்லாமே சரியான திசையில் இருக்கின்றன. இவற்றை எத்தனை ஆண்டுக்குத் தொட மாட்டீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். இடையில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பாதுகாப்புக் காரணம் தவிர வேறெதற்கும் குறைந்தது இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றாதீர்கள். தனியார் பட்டறையின் காருக்கும் டொயோட்டாவின் காருக்கும் புள்ளியில், சோதனை நாட்களில், டிவி நேரத்தில் வித்தியாசம் காட்டாதீர்கள். மின்சாரம் மறுபடி ஒருநாள் வந்தால் வரட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. அப்போது யூனிட்டுக்குச் சீல் வைக்காமல், செய்ய விரும்புகிற நிறுவனம் தன் கையால் செய்ய விடுங்கள்.

எம்-ஸ்போர்ட்டை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன். பெரிய பணம் இல்லாமல் அந்த அணி தாக்குப்பிடித்ததால்தான் மூன்று என்ற எண்ணிக்கையே நிலைத்தது. அவர்கள் களைத்து விலகிவிட்டால் மிஞ்சுவது இரண்டு அணிகள். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ராலி ரசிகன்