கப்பலின் எந்தப் பக்கம் கரையில் அணையும் என்று யாரும் கியாரண்டி தர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாரயிறுதி இணைப்பில் சொகுசுக் கப்பல் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தோம். சாப்பாடு, கட்டணம், என்ன துணி எடுத்துப் போக வேண்டும் என்று எழுதியதெல்லாம் சரி. ஆனால் "கப்பல் எப்போதும் இடப்பக்கமாகத்தான் கரையில் அணையும், அதனால் வலப்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள், துறைமுகத்தில் நிற்கும்போதும் கடல் தெரியும்" என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது. அது தவறு. ஜனங்கள் இதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சென்னை ஹார்பரில் மூரிங் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற கப்பலை வார்ஃபில், அதாவது கப்பல் அணையும் கரை மேடையில், கயிறு போட்டுக் கட்டுவது, கிளம்பும்போது அவிழ்த்து விடுவது, இதுதான் எங்கள் வேலை. இடப்பக்கமாக வந்ததையும் கட்டியிருக்கிறோம், வலப்பக்கமாக வந்ததையும் கட்டியிருக்கிறோம். ஒரே கப்பல் போன வாரம் ஒரு பக்கமும் இந்த வாரம் மறு பக்கமுமாக வந்து நின்றதும் உண்டு.

இடப்பக்கம் என்ற பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழங்காலத்து ஐரோப்பியக் கப்பல்களில் திருப்புகிற துடுப்பு வலப்பக்கம் பின்னால் தொங்கும். அது கரையில் மோதி உடையக் கூடாது என்று இடப்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் எஞ்சின் வந்தது. தண்ணீருக்கடியில் கப்பலை உந்துகிற விசிறி ஒன்றே ஒன்று உள்ள கப்பல்கள் பெரும்பாலானவற்றில் அந்த விசிறி முன்னே போகும்போது வலஞ்சுழியாகச் சுற்றும். நிறுத்துவதற்காகப் பின்னோக்கி ஓட்டினால் கப்பலின் பின்பகுதி தானாக இடப்பக்கம் ஒதுங்கும், இடப்பக்கமாக அணைக்க அது வசதி. ஆக அந்த வழக்கம் ஒரு காலத்தில் நியாயம்தான், இன்றைய சுற்றுலாக் கப்பலுக்கு அது பொருந்தாது. இரண்டு விசிறி, முன்பக்கம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிற த்ரஸ்டர்கள் எல்லாம் இருக்கின்றன. விசிறியையே முழு வட்டம் திருப்புகிற அசிபாட் 1998-ல் எலேஷன் என்ற சுற்றுலாக் கப்பலில் வந்து, இப்போது பெரிய கப்பல்கள் பலவற்றில் இருக்கிறது. ஆள் ஏறி இறங்கும் கதவும் இரண்டு பக்கமும் வைத்துத்தான் கட்டுகிறார்கள். விமானத்தில் நாம் எப்போதும் இடப்பக்கக் கதவு வழியாகவே ஏறுகிறோமே, அந்த மாதிரி விதி எதுவும் கப்பலுக்குக் கிடையாது.

அப்படியானால் யார் முடிவு செய்கிறார்கள்? எந்த பெர்த், அதாவது கப்பல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் துறைமுகம் சொல்லும். எந்தப் பக்கம் என்பதைக் காற்று, பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிற கப்பல், ஆள் இறங்கும் கேங்வே படியை வைக்க வார்ஃபில் இருக்கிற இடம், மறுபடி எப்போது எந்த வழியாகக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் பார்த்து கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவருகிற துறைமுக பைலட்டும் கேப்டனும் பேசி முடிவு செய்வார்கள். நம் ஹார்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இதன் வாசல் கிழக்கே இருந்தது. மணல் சேர்ந்து தொல்லை கொடுத்ததால், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் சேர்மனாக இருந்த காலத்தில் வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். இப்போதும் கப்பல் அந்தப் பக்கமாக நுழைந்துதான் தெற்கே உள்ளே வருகிறது. வந்த வாக்கில் நேராகப் போய் மேற்கு வார்ஃபில் நின்றால் கரை வலப்பக்கம். டக் என்கிற இழுவைப் படகைப் பிடித்து உள்ளேயே திருப்பி, முகம் வடக்கே பார்க்க நிறுத்தினால் கரை இடப்பக்கம். அதே கப்பல்தான், அதே வார்ஃப்தான்.

அந்தக் கடைசிச் சில நிமிடங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையான பிரிட்ஜின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு பைலட் வந்து எட்டிக் கீழே பார்த்துக்கொண்டு வாக்கி டாக்கியில் டக்குக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். கப்பல் ஓரடி ஓரடியாக நகர்ந்து வரும். மேலிருந்து, முனையில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிறு பறந்து வந்து விழும், தலை ஜாக்கிரதை. அதை இழுக்க இழுக்க அதன் பின்னால் தடித்த கயிறு தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். அதன் கண்ணியைத் தூக்கிப் கரையில் இருக்கிற குட்டை இரும்புத் தூணான பொல்லார்டில் மாட்டிவிட்டு உடனே ஒதுங்கிவிட வேண்டும், இழுவையில் இருக்கிற கயிறு அறுந்தால் ஆளையே அடித்துவிடும். காற்று கொஞ்சம் கூடினாலும் பைலட் யோசனையை மாற்றுவார். மாற்றத்தான் வேண்டும், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். மாதக்கணக்கில் முன்கூட்டி அறை விற்கிற ஏஜென்ட்டுக்கு இது எப்படித் தெரியும்?

ஆனால் விற்கிறார்கள். என் தங்கை வீட்டில் போன வருடம் அப்படித்தான் நடந்தது. "அண்ணே, ஹார்பர்ல நின்னாலும் கடல்தான் தெரியும்னு கியாரண்டியா சொன்னாரு" என்று சொல்லி அறைக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு வந்தாள். போன ஊரில் கப்பல் வேறு பக்கம் திரும்பி நின்றது. நாள் முழுக்க அவர்கள் பால்கனிக்கு எதிரே கண்டெய்னர் அடுக்குதான். ஏஜென்ட்டைக் கேட்டால் "அது கேப்டன் முடிவு சார்" என்கிறார். அது முன்னாலேயே தெரியும்தானே, அப்புறம் ஏன் பணம் வாங்கினீர்கள்? 2022 ஜூனில் கோர்டீலியா சுற்றுலாக் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகு, முதல் முறையாகக் கப்பல் ஏறுகிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. வாழ்நாளில் ஒரு தடவை என்று அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களிடம் இப்படிச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கம் பார்த்து எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடும்போது பக்கம் முக்கியம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, மேப் போதும். சென்னையிலிருந்து தெற்கே திருகோணமலைப் பக்கம் போனால் இடப்பக்கம் சூரிய உதயம், வலப்பக்கம் அஸ்தமனம். விசாகப்பட்டினம் போனால் அப்படியே தலைகீழ். அங்கே கடலிலிருந்து உள்ளே நுழையும்போது டால்பின்ஸ் நோஸ் மலை இடப்பக்கம் வரும். ஐப்பசி, கார்த்திகை வாடைக் காற்றில் தெற்கே போகிறவர்களுக்கு இடப்பக்க பால்கனியில் உட்காருவது சிரமம். கப்பல் கரைக்கு வராமல் வெளியே நங்கூரம் போட்டு, ஆட்களைப் படகில் இறக்குகிற ஊர்களில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பக் கப்பலே திரும்பிக்கொண்டிருக்கும்.

கரைப்பக்கம் கிடைத்தால் நஷ்டம் என்று நினைப்பதும் சரியில்லை. சென்னையில் நிலக்கரி ஏற்றி இறக்குவது 2011-ல் நின்றுபோனதிலிருந்து ஹார்பரில் அந்தக் கரித்தூசி இல்லை. காய்கறியும் அரிசி மூட்டையும் ஏறுவது, கயிறு அவிழ்வது, கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்கள் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது, குழந்தைகள் அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டார்கள். கடல் பக்கத்தில் எண்ணெய் கொண்டுவருகிற பார்ஜ் படகு வந்து ஒட்டிக்கொண்டால் சத்தமும் வாடையும்தான். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தக் கூடுதல் பணத்தை லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுக்கச் செலவிடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

ஆகவே அந்த வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள், ஐயா. அதோடு இன்னொன்றும் எழுதுங்கள்: துறைமுகக் காட்சி என்று சொல்லி எந்த ஏஜென்ட்டாவது கூடுதல் பணம் கேட்டால், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும், எழுதித் தராவிட்டால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
ராயபுரம், சென்னை