திரை உறைந்த ஆடி மாதமும் கைகொடுத்த மூவரும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில், பனியன் துணிக்கு பிரிண்டிங் டிசைன் போட்டுக் கொடுக்கும் சின்ன அறை எங்களுடையது. ஆறு வருசமாக, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில்தான் வேலை. இங்க்ஸ்கேப்பில் வரைந்து, கிம்ப்பில் கலர் பிரித்து, பிலிம் எடுக்க அனுப்புவோம். இந்த ஆடி மாதம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் எங்களைப் படாதபாடு படுத்திவிட்டது. பெரிய டிசைனைத் திறந்து கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அப்படி அணைத்ததில், குழந்தைகள் சட்டைக்கு ஆறு கலர் பிரித்து வைத்திருந்த ஃபைல் கெட்டுப்போனது. அன்றைக்கு நானும் என் மனைவியும் விடிய விடிய உட்கார்ந்து மறுபடி பிரித்தோம்.

ராம் போய்விட்டது என்றார் ஒருவர். லினக்ஸையே தூக்கிப் போடச் சொன்னார் இன்னொருவர். பழுது பார்க்கும் கடையில், திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள்.

அவிநாசித் தம்பிக்குத்தான் முதல் நன்றி. போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்கண்ணா, திரை நின்னப்ப பாட்டு ஓடிட்டு இருந்துச்சுங்களா?" யோசித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அப்படின்னா சிஸ்டம் உசுரோடதான் இருக்குதுங்க. படம் காட்டுற பக்கந்தான் நின்னிருக்குது" என்றார். இருபது நாள் அலைந்தும் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை.

பட்டனில் கை வைக்காமல் அணைக்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். எஸ், எழுதாமல் நிற்பதை டிஸ்க்கில் எழுதிவிடும். யு, டிஸ்க்கில் இனி எதுவும் எழுதாதபடி பூட்டும். பி, மறுபடி துவக்கும். அதற்குப் பிறகு ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. அப்புறம் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 போட்டு, முந்தைய முறை ஓடியபோது பதிந்த குறிப்பைப் பார்க்க வைத்தார். கடைசியில் ஒரு வரி: ஜிபியு பஸ்ஸை விட்டு விழுந்துவிட்டது. ஜிபியு என்பது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர்தான் பஸ். திடீரென்று கார்டு பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, ஈரோட்டில் கல்லூரியில் பாடம் நடத்தும் அக்கா. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொன்னவர். முதலில், கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில், அப்டேட்டுக்கு முந்தைய பழைய கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஓட்டச் சொன்னார். அதிலும் நின்றது. சரி, அப்டேட் மேல் தப்பில்லை. பிறகு கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை போர்டிலேயே செருகச் சொன்னார். இரண்டு நாள் மெதுவாக ஓடியது, ஆனால் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கார்டைத் திரும்ப மாட்டி, மனைவியின் போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறொரு கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் முறையில், கார்டின் சூட்டைப் பார்த்துக்கொண்டே டிசைனைத் திறந்தோம். 94 டிகிரி வரை ஏறியது, திரை நின்றது. திரை செத்த பிறகும் போனில் கட்டளை ஓடியதைப் பார்த்தபோதுதான் தம்பி சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது.

கடைசியாகப் பல்லடத்து அண்ணன். வேலை முடித்துப் பொழுதோடு வந்து, கார்டின் ஃபேனைக் கழற்றினார். உள்ளே தகடுகளின் மேல் வெள்ளையும் மங்கிய நீலமுமாகப் பஞ்சு, கம்பளி விரித்த மாதிரி படிந்திருந்தது. பக்கத்து கட்டிங் செக்‌ஷன் பஞ்சும் ஆடிக் காத்துப் புழுதியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. விரலால் உரித்தால் அப்படியே ஒரு துண்டாக வந்தது. புளோயர் அடித்து, சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து போயிருந்ததைத் துடைத்துப் புதுசு வைத்தார். சூடு 71க்கு இறங்கியது.

ஆனாலும் மூன்றாம் நாள் மறுபடி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழைத் தூறலில் அண்ணன் திரும்ப வந்தார். இந்த முறை கார்டுக்குக் கரண்ட் வரும் ஒயரைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பின் மட்டும் கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. நல்லவேளை, கார்டுப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை, அவரிடமிருந்ததை எடுத்து மாட்டிவிட்டார். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

ஐந்து வாரமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. குழந்தைகள் சட்டை ஆர்டர் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது.

தம்பி, உங்கள் கேள்வியை அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அக்கா, மாற்றுகிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். அண்ணா, நீங்கள் விட்டுப்போன புளோயர் இங்கேதான் பத்திரமாக இருக்கிறது. எடுக்க வரும்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும். அன்றைக்கு டீகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள் என்று என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.