கோட்டை வாசல் ஓட்டோ அண்ணாவுக்கு நன்றி

நேற்று மத்தியானம் பிரெட்ரிக் கோட்டை வாசலில் அம்மாவுக்குத் தலை சுற்றியபோது ஓட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்த அண்ணாவுக்கு இந்தப் பதிவு.

கச்சான் காற்று தெரியும்தானே. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, திருகோணமலைக்கு வெறும் அனலாகத்தான் வந்து சேரும். கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கியதில் அம்மாவின் உதடே வெடித்திருந்தது. நீங்கள் அவரை மரநிழலில் இருத்தி, செவ்விளநீர் ஒன்றைச் சீவுவித்து வந்து, "மெதுவாக் குடியுங்கோ அம்மா" என்று அதைக் கையில் பிடித்தபடியே நின்றீர்கள். கிட்ட வந்து முகர்ந்த புள்ளிமானைப் பார்த்து அம்மா சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் வீடுவரை கொண்டுவந்து விட்டீர்கள், காசும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.

அம்மா இப்போது சுகம். "அந்தத் தம்பியைக் கண்டால் சாப்பிடக் கூட்டி வா" என்கிறார். கட்டாயம் வாங்கோ அண்ணா.