கூட்டு எச்.ஐ.வி. ஆய்வு மையம்: மார்ச் 31-க்குள் ரூ.23,60,000 தேவை – நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

தீர்த்தமலை தீர்த்தகிரீசுவரர் திருவருளாலும் தங்களைப் போன்ற பெரியோர்களின் ஆதரவாலும், கல்லூரிகள் பல கைகோத்துத் தருமபுரியில் அமைக்கவிருக்கும் கூட்டு எச்.ஐ.வி. ஆய்வு மையத்தின் கட்டட வேலை நிறைவடைந்துவிட்டது. ஆனால் உள்ளே கருவிகள் இன்னும் வரவில்லை. வருகிற மார்ச் 31-க்குள் மையம் இயங்கத் தொடங்காவிட்டால், கல்லூரி வளாகத்தில் நமக்கு ஒதுக்கிய இடம் வேறு துறைக்குப் போய்விடும் என்று நிர்வாகம் எழுத்து மூலம் தெரிவித்துள்ளது. ஆகவேதான் இவ்வளவு அவசரமாகத் தங்களை நாடுகிறோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் அப்போது முதுகலை மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, இரத்த மாதிரிகளைச் சேகரித்து, தக்க வசதியின்றித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்து, இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். சென்னையில் எழுந்த ஐயத்துக்கு வேலூரில் விடை கிடைத்தது. இரண்டு கல்லூரிகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததால் கிடைத்த விடை அது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நாட்டிலேயே முதலாவதாக அமைத்ததும், 2004 ஏப்ரலில் வைரஸை அடக்கும் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையில் முதல் வரிசையிலேயே அதைப் பெற்றதும் நம் மாநிலமே. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்தப் பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

“மருந்தை அரசே கொடுக்கிறதே, ஆய்வு எதற்கு?” என்று எங்கள் கூட்டங்களில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூட்டு மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டால், இரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலையில் தொடர்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக இணையருக்குத் தொற்று பரவுவதில்லை. இடர்ப்பாடு அந்த ‘நாள் தவறாமல்’ என்பதில்தான் இருக்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் ஏறி இறங்கும் லாரி ஓட்டுநர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர், செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியதால் ஊர் திரும்ப முடியாதவர் ஆகியோருக்கு மருந்து இடையில் நின்றுபோகிறது. நின்று நின்று தொடரும் மருந்துக்கு வைரஸ் அடங்காமல் போய்விடக்கூடும். யாருக்கு எந்த ஊரில், எக்காரணத்தால் நிற்கிறது, எந்த மருந்து பலனளிக்காமல் போகிறது என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு அறிய இயலாது.

ஒரு கல்லூரியால் மட்டும் இது ஆகக்கூடியதன்று. மருத்துவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள், புள்ளியியல் கற்றவர்கள் வேறோரிடத்தில் இருக்கிறார்கள். அரூர், பென்னாகரம், அஞ்செட்டி மலையூர்களுக்குப் பேருந்தேறிப் போய்ப் பேசத் தெரிந்த சமூகப்பணி மாணவர்களோ மூன்றாவது கல்லூரியில் படிக்கிறார்கள். ஐந்து வட்டங்கள் அச்சிட்ட ஒரு தடித்த தாள் அட்டையில் இரத்தத் துளிகளை இட்டு உலர்த்தினால், மலையடிவாரத்திலிருந்தும் மாதிரியைக் கொண்டுவந்துவிடலாம். அந்த மாதிரிகளை எல்லாக் கல்லூரியினரும் நம்பிப் பாதுகாத்து வைக்க ஒரு பொதுவான இடம் வேண்டும். அமெரிக்காவில் 1988 முதல் பல்கலைக்கழகங்களின் எய்ட்ஸ் ஆய்வு மையங்கள் இவ்வாறுதான் ஆய்வுக்கூடங்களைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துகின்றன.

இதுவரை கைகொடுத்தவர்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த நன்றி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை உரிமையாளர்கள், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் சொன்ன தொகையைக் குறைக்கவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டி வியாபாரிகள், தருமபுரி பட்டுக்கூடு விவசாயிகள், ஓசூர்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தம் ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே அனுப்பிய தலைமையாசிரியை அம்மையார் ஆகிய அனைவரையும் நன்றியுடன் நினைக்கிறோம். எல்லோருக்கும் மேலாக, தொற்றுடன் வாழும் பெண்கள் சிலர் மஞ்சள் பையில் பத்தும் இருபதுமாக ரூ.11,000 கொண்டுவந்து எண்ணி வைத்தார்கள். ரசீதில் பெயர் எழுத வேண்டாம், ‘நலம்விரும்பிகள்’ என்று எழுதினால் போதும் என்றார்கள். அந்த ரசீதின் அடிக்கட்டையைக் குழுவின் பொருளாளர் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் என்றால் வீட்டுக்கு வீடு வரி போட்டு ஒரே மாதத்தில் இதைவிடப் பெருந்தொகை திரட்டுகிறோம், திரட்டவும் வேண்டும். நோயுற்றவர் பிழைக்கச் செய்வதும் அந்தத் தெய்வத்துக்கு உகந்த திருப்பணியே. இந்த நோயின் பெயரைக் கேட்டதும் முகம் திருப்பி, உற்றாரையே தனித் தட்டில் உண்ண வைத்த வீடுகள் நம் ஊர்களில் இருந்தன. அந்தக் கடனை இன்று கொஞ்சமாவது தீர்க்க வேண்டாமா? சொன்ன தொகையை இன்னும் அனுப்பாத அன்பர்கள் இதை உரிமையுடன் விடுத்த நினைவூட்டலாகக் கொள்ள வேண்டுகிறோம்.

மொத்தத் திட்டச் செலவு ரூ.62,00,000. கையில் வந்தது ரூ.38,40,000; அது கட்டடத்துக்கும் மின் இணைப்புக்கும் மேசைகளுக்கும் செலவாகிவிட்டது. இனி வேண்டியவை: இரத்த மாதிரிகளை வைத்துக் காக்க மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகள் இரண்டு, ரூ.13,20,000, மின்தடையின்போது அவற்றைக் காக்க ஜெனரேட்டர், ரூ.4,80,000, கள ஆய்வாளர் இருவருக்கு ஓராண்டு மதிப்பூதியம், ரூ.4,80,000; இரத்தத் துளி அட்டைகள், பயிற்சிச் செலவு, ரூ.80,000.

ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதால், அதற்கு மேல் தருவோர் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டுகிறோம். எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் விவரங்களைக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் எங்கள் கடமை. ஆகவே, கல்வெட்டில் பெயர் பொறிக்க விரும்பாத எவருக்கும், காரணம் கேட்காமல், ‘நலம்விரும்பி’ என்றே ரசீது தருவோம்.

இங்ஙனம்,
ஆய்வு மையக் கட்டமைப்புக் குழுவினர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.