டெஸ்டிங் லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க உதவும் உங்கள் லைப்ரரிகளை வைத்துத்தான் தருமபுரியில் உட்கார்ந்து பிழைக்கிறேன். மாலையில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு டெஸ்டிங் சொல்லியும் கொடுக்கிறேன். உங்களில் பலர் சம்பளமே இல்லாமல் இதைச் செய்கிறீர்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் டாக்குமென்டேஷன், அதாவது எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கப் பக்கம், ஒன்று சொல்ல லைப்ரரி வேறொன்று செய்வதை நீங்கள் சின்ன விஷயமாக ஒதுக்குவது சரியில்லை.

மற்ற லைப்ரரி தப்பாக நடந்தால் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். டெஸ்டிங் லைப்ரரியே நாம் நினைத்தபடி நடக்கவில்லை என்றால் யார் காட்டிக்கொடுப்பது?

ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்டிங் லைப்ரரியான விடெஸ்டில், மாக்கை (டெஸ்டுக்காக வைக்கும் போலி ஃபங்ஷனை) பழைய நிலைக்குக் கொண்டுவரும் மாக்ரீசெட்டைப் பாருங்கள். முன்பெல்லாம் அதைக் கூப்பிட்டால் மாக் ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷனாகிவிடும். 2025 ஜனவரியில் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்து அந்த மாக் முதலில் கொடுத்த இம்ப்ளிமென்டேஷனுக்கே, அதாவது உள்ளே எழுதிய கோடுக்கே, திரும்புகிறது. ஜெஸ்ட் என்ற இன்னொரு லைப்ரரியில் அதே பெயருள்ள ஃபங்ஷன் அப்படிச் செய்வதில்லை. மாற்றம் நியாயமானதுதான், புதிய பதிப்புக்கு மாறுபவர்களுக்கான மைக்ரேஷன் கைடிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனி புராஜெக்டில் கிடப்பது பழைய பதிப்பு, தேடினால் முதலில் வருவது புதிய பக்கம். ஜாவாவுக்கான ஜேயூனிட்டிலும், டெஸ்ட் தோற்றால் காட்ட நாம் கொடுக்கும் மெசேஜ் 4-ஆம் பதிப்பில் முதலில் இருந்தது, 5-இல் கடைசிக்குப் போனது. இரண்டு மதிப்புகள் வேறா என்று பார்க்கும் அசர்ட்நாட்ஈக்வல்ஸைப் பழைய வரிசையிலேயே எழுதி, மெசேஜும் இரண்டு மதிப்புகளும் ஆக மூன்றுமே ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றால் கம்பைலர் வாயே திறக்காது, மெசேஜையும் நாம் வரக்கூடாது என்று கொடுத்த மதிப்பையும் ஒப்பிட்டுவிட்டு டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்.

பெங்களூரு ஆபீஸில் இருப்பவர் பக்கத்து சீட்டு சீனியரிடம் கேட்டுக்கொள்வார். இங்கே அப்படி யாரும் கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலப் பக்கத்தை வரி வரியாகப் படித்து, அதில் உள்ளபடியே எழுதி, அது ஓடவில்லை என்றால் பக்கம் தப்பு என்று நினைப்பதே இல்லை, தனக்குத்தான் இங்கிலீஷ் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. நல்லா வரக்கூடிய பிள்ளைகள் இப்படித் தயங்கி ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

வழி இல்லாமல் இல்லை. பைத்தானில் டாக்குமென்டேஷனில் உள்ள எடுத்துக்காட்டை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் 2001-இலேயே வந்துவிட்டது. ரஸ்ட் மொழியில் விளக்கக் கமென்ட்டில் எழுதிய எடுத்துக்காட்டைக்கூட கார்கோ டெஸ்ட் என்ற கட்டளை ஓட்டிப் பார்க்கிறது. கோ மொழியிலும் எடுத்துக்காட்டின் கீழே அவுட்புட் இன்னது என்று எழுதிவைத்தால் அதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஊருக்கெல்லாம் டெஸ்ட் எழுதச் சொல்லும் நீங்கள் உங்கள் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஓட்டிப் பார்க்கலாமே?

அப்புறம், நடத்தை மாறிய ஃபங்ஷனின் விளக்கத்திலேயே எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்று ஒரு வரி போடுங்கள், மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகைத் தேடிப் போக வைக்காதீர்கள். டாக்குமென்டேஷனில் தப்பு என்று யாராவது இஷ்யூ (புகார்) போட்டால் ‘இது இப்படித்தான் வேலை செய்யும்’ என்று மூடிவிடாமல், தப்பான வரியைத் திருத்திய பிறகு மூடுங்கள். திருத்த ஆள் இல்லை என்றால் இஷ்யூவைத் திறந்தே வையுங்கள், நானும் இந்தப் பிள்ளைகளும் எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஒரு டெஸ்டர், தருமபுரி