விசை சரியான விண்டோவில் விழ வேண்டும்: நெல்லையிலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அம்பாசமுத்திரத்து அரிசி மில் ஒன்றில் ஏஐ ஏஜென்ட் (மனிதரைப் போலவே கணினியை இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) கொள்முதல் பில்களைக் கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் பிரிண்டர் 'தாள் இல்லை' என்று ஒரு பெட்டியை முன்னால் தள்ளுகிறது. அடுத்து ஏஜென்ட் அடிக்கும் என்டர், பில்லைச் சேமிக்காமல் அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறது. முன்னால் வந்தது வாட்ஸ்அப் என்றால் இன்னும் மோசம், மூட்டைக் கணக்கு யாருக்கோ செய்தியாகப் போய்விடும். விசைப்பலகையின் விசைகள் முன்னால் இருக்கும் விண்டோவுக்கே போகும். அது எந்த விண்டோ என்று ஏஜென்ட் தானாகக் கேட்டுப் பார்த்தால்தான் உண்டு.

அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் திறமூலக் கருவியைத்தான் எங்கள் குழு எழுதிவருகிறது. விண்டோவின் தலைப்பை மட்டும் நம்பாமல் செயல்முறை எண்ணையும் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் எண்) சேர்த்துப் பார்க்கும். சுருக்கியிருந்தால் விரிக்கும், முன்னால் வரச் சொல்லும், வந்ததா என்று கேட்டு உறுதிசெய்யும். பிறகு நாலைந்து எழுத்து அடிக்கும், மறுபடி பார்க்கும். மனிதர் யாராவது மவுஸைத் தொட்டால் அங்கேயே நிற்கும். முடிந்த இடங்களில் ஃபோகஸையே (விசைகளைப் பெறும் விண்டோவாக இருக்கும் நிலை) நாடாமல், பார்வையற்றோர் போன்றோருக்காகக் கணினியில் உள்ள அணுகல்தன்மை வசதிகள் வழியாகக் கட்டத்தில் மதிப்பை நேரடியாக வைக்கும். இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி. ஆனால் பழைய கணக்கு மென்பொருள்கள் பல அதற்கு இடம் கொடுப்பதில்லை.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் தனியாக உண்டு. 'கொள்முதல்' என்ற தலைப்பில் 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக (0பிசிஏ), அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக (0பிசி6, 0பிபிஇ). கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் விண்டோ கண்ணெதிரே இருந்தும் 'காணவில்லை' என்று வரும். வெளிநாட்டில் எழுதிய கருவிகளில் இதை யாராவது சோதித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

நிரல் எழுத யாரும் கூலி கேட்கவில்லை. பணம் தேவைப்படுவது கையொப்பச் சான்றிதழுக்கும் (நிரலை எழுதியது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்துக்கானது) சோதனைக் கணினிகளுக்கும்.

விண்டோஸ் விஸ்டா காலம் முதல், நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருளுக்குச் சாதாரண நிரல் விசை அனுப்ப முடியாது. அனுப்பினாலும், தடுத்தது எது என்று பிழைக் குறியீடு சொல்லாது. கருவியையும் நிர்வாகி உரிமையோடு ஓட்டாமல் இதைத் தாண்ட அணுகல்தன்மை உரிமை வேண்டும். அதற்கு நிரல் டிஜிட்டல் கையொப்பம் பெற்று, புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். 2023 ஜூன் முதல் அந்தக் கையொப்பத்தின் சாவி வன்பொருள் டோக்கனிலோ (பென்டிரைவ் போன்ற சாதனம்) அதற்கு இணையான பாதுகாப்பிலோதான் இருக்கலாம் என்பதால் செலவு கூடிவிட்டது. மேக்கிலும் நிலையான கையொப்பம் இல்லாவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் பயனர் அணுகல்தன்மை அனுமதியை மீண்டும் கொடுக்க வேண்டிவரும். லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் அமைப்புகள் இரண்டு, எக்ஸ்11, வேலேண்ட். எக்ஸ்11 கேட்டால் பெரும்பாலும் ஃபோகஸ் தந்துவிடும். வேலேண்டில் அனுமதி டோக்கன் (இது சாதனம் அல்ல, நிரலுக்குக் கிடைக்கும் குறியீடு) வேண்டும், இல்லாவிட்டால் விண்டோ பின்னாலேயே நிற்கும். இதில் லினக்ஸ் டெஸ்க்டாப்புகளான கினோமின் நடத்தை வேறு, கேடிஇயின் நடத்தை வேறு.

கிளவுடில் வாடகைக் கணினி எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பைத் துண்டித்ததுமே அந்த அமர்வு பூட்டிக்கொள்ளும், விசைகள் உள்ளே போகாது. ஃபோகஸைச் சோதிக்க, உள்நுழைந்தபடி திறந்திருக்கும் உண்மையான டெஸ்க்டாப்பே நம்பகமானது.

நாங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை: மேக் மினி ஒன்று 60,000 ரூபாய், பயன்படுத்திய கணினிகள் இரண்டு 40,000, விண்டோஸ் கையொப்பச் சான்றிதழும் டோக்கனும் 30,000, ஆப்பிள் டெவலப்பர் ஆண்டுக் கட்டணம் 99 டாலருக்கு 9,000, யுபிஎஸ் 6,000, மானிட்டருக்குப் பதில் செருகும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் மூன்று 1,500. மொத்தம் 1,46,500 ரூபாய். சான்றிதழுக்கான தொகை முதலில் சேர்ந்தால் நல்லது. அது இல்லாமல் கருவியை மில்லிலோ, மேலப்பாளையத்துக் கடையிலோ, கூட்டுறவு சங்கத்திலோ நிறுவிக் கொடுக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

100 ரூபாயும் உதவிதான். வங்கிக் கணக்கில் செலுத்தியதும் ரசீது தருவோம், ஒவ்வொரு பில்லையும் யார் கேட்டாலும் காட்டுவோம். குழுவுக்கு 80ஜி பதிவு இல்லை, வருமான வரிச் சலுகை கிடைக்காது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் இந்தியக் குடியுரிமை உள்ளவர்களாக இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பணம் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அதைப் பெற எங்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் நிரலைச் சோதித்துப் பிழை சொன்னால் அதுவே பெரிய உதவி.

பணத்துக்குப் பதில் கணினி தருபவர்கள் கவனிக்க: 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, உரிமத்தோடு விண்டோஸ் 11 ஓடும் திறன் வேண்டும். மானிட்டர் தேவையில்லை. தருவதற்கு முன் உங்கள் கோப்புகளை அழித்துவிடுங்கள். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்றால் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். தென்காசி, வள்ளியூர் பக்கம் என்றால் பார்சல் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
குழுவினர்