தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்குப் போடுகிற கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்து பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், தயாராகிற சமயத்தில் பள்ளிகளில் என்னென்ன நடக்கும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்களில் பலர் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்புப் படித்த என் அக்கா மகனுக்கு டிசி (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அப்படி இருக்காது, குடும்பத்தாரே கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் இருக்கும். அத்தானுக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பள்ளிக்கு வரச் சொல்லி, கணக்கில் 9, ஆங்கிலத்தில் 14 என்று மார்க்கைக் காட்டி, "இங்க இருந்தா ஃபெயில்தாம்மா ஆவான், டிசி வாங்கிக்கிட்டுப் போய் தனித்தேர்வரா எழுதட்டும், பையனுக்கும் அதான் நல்லது" என்று பக்குவமாகத்தான் பேசியிருக்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றதும் அக்கா முழித்திருக்கிறாள். உடனே பையன் கையிலேயே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு சார் வரி வரியாகச் சொல்லச் சொல்ல அவனே எழுதியிருக்கிறான். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனால் தொடர்ந்து படிக்க இயலாததால்" என்று அம்மா எழுதுவது மாதிரி மகன் எழுத, அடியில் அக்காவின் கையெழுத்து. அந்தத் தாளை அப்புறம் நான் பார்த்தேன். கோணலில்லாத கையெழுத்து, ஒரே ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறான், மற்றபடி பிழை கிடையாது. 35 மார்க் எடுக்க லாயக்கில்லை என்று முடிவு கட்டிய பையனிடம், அவனை வெளியே அனுப்புகிற கடிதத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதி வாங்க முடிந்திருக்கிறது.

நான் போய்க் கேட்டேன். அந்தத் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார். "எனக்கு மட்டும் ஆசையா சார்? ரிசல்ட் வந்தா ரிவ்யூ மீட்டிங்ல என்னைத்தான் எழுந்திரிக்கச் சொல்றாங்க. ரெண்டு பர்சன்ட் ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கறாங்க. வருசா வருசம் எத்தனை பிள்ளைங்க காணாம போறாங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் கணக்கு எப்படி? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்பதுதான் விழுக்காடு. ஒரு வகுப்பில் 50 பேர் இருந்து 45 பேர் பாஸானால் 90. அந்த ஐந்து பேரையும் தேர்வுக்கு முன்பே டிசி என்றும், "நீண்ட நாள் வராதவர்" என்றும் கழித்துவிட்டால் 45க்கு 45, நூற்றுக்கு நூறு. பாராட்டுச் சான்றிதழ், சால்வை, வாயிலில் ஃபிளெக்ஸ். ஒரு பிள்ளைக்கும் கூடுதலாக ஒரு கணக்குச் சொல்லித் தராமலே பள்ளியை உயர்த்துகிற வழி இது. ஆகவே நான் கேட்பது: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்களோ அந்த எண்ணிக்கையை வைத்துப் பள்ளியின் விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடாதீர்கள்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்றால், எட்டு வரை நம் மாநிலத்தில் யாரையும் ஃபெயில் போடுவதில்லை, முதல் வடிகட்டல் ஒன்பதில்தான் ஆரம்பிக்கிறது. புதிதாக எதையும் கணக்கெடுக்கவும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் எமிஸ் எண், அதாவது உங்கள் துறையின் கணினிப் பதிவில் ஆளுக்கொரு எண், இருக்கிறது. வேறு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த எண்ணும் கூடவே போகிறது. எங்கும் சேராதவன் அதே கணினிப் பதிவில் எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலில் கிடக்கிறான். என் அக்கா மகன் இப்போது அங்கேதான் இருக்கிறான். பகலில் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

தேர்வே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் மதிப்புப் போடுகிற ஒரே இடம் பொதுத்தேர்வுதான். பெயர் இருக்கிற முகப்புத்தாளைப் பிரித்தெடுத்த பிறகு, எங்கோ உட்கார்ந்து திருத்துகிற ஆசிரியருக்கு அந்தத் தாள் அஞ்செட்டி மலையிலிருந்து வந்ததா, சென்னையிலிருந்து வந்ததா என்று தெரியாது. வீட்டின் முதல் பட்டதாரிகள் எத்தனையோ பேர் அந்த வழியில்தான் வந்தார்கள். விழுக்காட்டு நெருக்கடி இருப்பதால்தான் பல ஆசிரியர்கள் சாயங்காலமும் சனிக்கிழமையும் உட்கார்ந்து, வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இந்தப் பதினாறை விட்டுடாதே என்று தலையில் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே நெருக்கடி, சொல்லிக் கொடுக்கலாமா கழித்துவிடலாமா என்று வரும்போது கழிப்பதுதான் சுலபம் என்றும் கற்றுக்கொடுத்துவிட்டது.

2017இல் மாணவர் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினீர்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்றீர்கள், நல்ல காரியம். ஆனால் மாவட்டங்களை வரிசையில் நிற்க வைப்பது மட்டும் ஓயவில்லை. மே மாதம் வந்தால் எங்கள் மாவட்டம் எத்தனை இடம் ஏறியது, கிருஷ்ணகிரி எத்தனை இடம் இறங்கியது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடுகிறது. விடுதிப் பள்ளிகளின் கதை தனி. மார்க்கைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொண்டு, பிறகு எங்கள் பயிற்சியைப் பாருங்கள் என்கிறார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிறார்கள் என்றுதானே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தீர்கள்? 2025இல் அதை எடுத்தாயிற்று. நீட் வினாத்தாளோ இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கிறது. இனி பிளஸ் ஒன் பாடத்தை யார் நடத்துகிறார்கள், யார் போய்ப் பார்க்கப் போகிறீர்கள்? தேசியக் கொள்கை, மாநிலக் கொள்கை என்று மேலே ஆயிரம் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். கீழே வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்து எழுதச் சொல்கிற பழக்கத்துக்கு எந்தக் கொள்கையிலும் பதில் இல்லை.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பள்ளியிலேயே இருந்து மார்ச்சில் எழுதி இரண்டு பாடத்தில் ஃபெயிலானாலும், உடனே துணைத்தேர்வு இருக்கிறது. அதில் பாஸானால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம், ஐடிஐ போகலாம். பள்ளிக்குத்தான் ஒரு புள்ளி குறையும், பையனுக்கு ஒரு வருஷமும் போகாது. தனித்தேர்வராகப் போனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்யணும், தேதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு விண்ணப்பிக்கணும், பணம் கட்டணும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியா "அவனுக்கும் அதான் நல்லது" என்றார்கள்? பையனுக்காவது மண்டி. பெண் பிள்ளைக்கு இதே டிசி கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அடுத்து வீட்டில் என்ன பேச்சு ஆரம்பிக்கும் என்பது, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க ஓடிக்கொண்டிருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் வருஷம் எங்கள் மாவட்டம் கடைசி இடத்துக்குப் போனாலும் போகட்டும், அந்த வெட்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பத்தாம் வகுப்பில் டிசி கொடுத்தால், எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தான் என்று தெரிகிற வரைக்கும் அவன் பழைய பள்ளியின் கணக்கிலேயே இருக்கட்டும். அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்க வைக்கும்போது, காமன் பூலில் இருக்கிற உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

நாமினல் ரோலில் திருத்தம் செய்ய இன்னும் அவகாசம் இருந்தால் என் அக்கா மகன் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எமிஸ் எண், டிசி, அந்த விண்ணப்பத்தின் நகல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன, எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு தாய்மாமன்